கலாக்டிகா: பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றினால்? (ஸ்பாய்லர் முழுக்க உண்டு)

மொட்டைமாடி | வெள்ளி இரவு 10.12

போன மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்தபோது பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற அமெரிக்க டிவி தொடரை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். 2003 டிசம்பரில் குறுந்தொடராக வந்து 2009 மார்ச்சில் முடிந்ததே, அந்தப் புதுசு. முடித்த கையோடு 1978 மூலத்தையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். 24 அத்தியாயம். காய்ச்சல் வேகம்தான் காரணமாக இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவானதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். பன்னிரண்டு உலகங்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். சைலான் என்ற இயந்திரங்கள் வந்து அத்தனையையும் அழிக்கின்றன. தப்பியது ஒரு போர்க்கப்பல், அதன் பின்னால் கிடைத்த கப்பல்களில் ஏறிய கொஞ்சம் ஜனங்கள். பூமி என்று ஒன்று இருக்கிறதாமே என்று தேடிப் போகிறார்கள்.

அவ்வளவுதான். பழசில் உலகம் அழிந்த முதல் கதை முடிவதற்குள்ளேயே எல்லோரும் ஒரு சூதாட்ட விடுதியில் நிற்கிறார்கள். பாட்டு, சாப்பாடு, மேஜையில் காசு. இழவு விழுந்த வீட்டில் நாம் பதினாறாம் நாள் வரைக்குமாவது சும்மா இருப்போம், இவர்கள் அது முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. புதுசில் அந்தச் சாவு கடைசிவரை யாரையும் விடுவதில்லை. கலாக்டிகாவின் நடைபாதையில் சுவர் முழுக்கச் செத்தவர்களின் புகைப்படம். பாத்திரங்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள், வருகிறார்கள்.

என் கட்சி இது. 1978காரர்கள் பிரமாதமான கதை ஒன்றை யோசித்துவிட்டு, அதைப் பார்த்துத் தாங்களே பயந்துவிட்டார்கள். புதுசை உருவாக்கிய ரொனால்ட் மூர் பயப்படவில்லை. அதனால் புதுசை மறுஆக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் மூலம், 25 வருடம் தாமதமாக வந்தது என்பேன். அடிக்க வருகிறவர்கள் வரலாம். கடைசி அத்தியாயத்தின் மேல் ஒரு தனி வழக்கு வைத்திருக்கிறேன், அது அப்புறம்.

பழையரேடியோ | வெள்ளி இரவு 11.03

தம்பி, அடிக்க வரவில்லை. ஆனால் கொஞ்சம் உட்காருங்கள்.

1978 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் அமெரிக்காவில் மேற்படிப்பில் இருந்தேன். விடுதியின் பொது அறையில் ஒரே டிவி, அதன் முன்னால் நாற்பது பேர். முதல் ஸ்டார் வார்ஸ் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு எஃபெக்ட் செய்த ஜான் டைக்ஸ்ட்ராதான் இதற்கும். அந்த மாதிரி விண்கலங்கள் காசு கொடுக்காமல் டிவியில், மூன்று மணி நேரம்! (எங்கள் படத்தைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று ஃபாக்ஸ் கம்பெனி வழக்கே போட்டது.) வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் நின்றுவிட்டது. திரையில் ஜனாதிபதி கார்ட்டர். அவரோடு எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பேகினும். கேம்ப் டேவிட் ஒப்பந்தம். அறை முழுக்க "ஐயோ" என்று கத்தல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கதையே சமாதானப் பேச்சை நம்பிப் போய் ஏமாந்ததைப் பற்றியது. சைலான்கள் சமாதானத்துக்கு வருவதாகப் பால்ட்டர் என்ற மனிதத் துரோகி சொல்வான். பன்னிரண்டு உலகத் தலைவர்களும் ஒப்பந்தத்துக்குத் தயாராகி நிற்கும் வேளையில் அடி விழும். அந்தக் கதையை நடுவில் நிறுத்திவிட்டு நிஜமான சமாதானக் கையெழுத்தைக் காட்டினார்கள். எகிப்தும் இஸ்ரேலும் அதற்குப் பிறகு இன்றுவரை போருக்குப் போகவில்லை.

சூதாட்ட விடுதிக்கு வருகிறேன். ஞாயிறு எட்டு மணி என்பது குழந்தைகுட்டிகளோடு வீடே உட்காரும் நேரம். வாராவாரம் இழவு வீட்டைக் காட்ட எந்தச் சேனலும் விடாது. பழசை உருவாக்கிய கிளென் லார்சன் பயந்தவர் இல்லை, அவருக்குக் கிடைத்த கடை அப்படி. அத்தியாயத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஆகிறது என்று அப்போது பேச்சு. அப்படியும் பற்றாமல் ஒரே சண்டைக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பேற்றினார்கள். அதே சைலான் கலம் அதே மூலையிலிருந்து வந்து அதே மாதிரி வெடிக்கும். பத்தாவது வாரத்தில் அறையில் கோரஸாக எண்ண ஆரம்பித்துவிட்டோம். 1979இல் கடையைச் சாத்திவிட்டார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கணினிக்காரி | வெள்ளி இரவு 11.41

ரேடியோ சார், அந்தச் சமாதானப் பொறி புதுசில் என்னவாக மாறியது பாருங்கள். அதிலும் பால்ட்டர்தான் கதவைத் திறக்கிறான். ஆனால் இவன் காசுக்கோ பதவிக்கோ விலை போனவன் இல்லை. பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் எழுதும் மேதை, தற்பெருமைக்காரன், காதலியிடம் எல்லாக் கதவுகளின் சாவியையும் கொடுத்தவன். காதலி மனித உருவில் வந்த சைலான். கப்பல்களுக்கு வழிகாட்டும் நிரலில் அவள் ஓட்டை வைத்துவிடுகிறாள். போர் தொடங்கியதும் புத்தம்புதுப் போர்க்கப்பல்களும் விமானங்களும் ஃபியூஸ் போன பல்பு மாதிரி அணைகின்றன.

கலாக்டிகா ஏன் தப்பியது? டப்பா வண்டி என்பதால். ஓய்வு கொடுத்து அருங்காட்சியகமாக்கும் விழா நடந்துகொண்டிருக்கும் நாள் அது. அதன் தலைவர் அடாமா தன் கப்பலில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கவே விடமாட்டார். சுருள் வயர் போட்ட போன், காகிதத்தில் அச்சடித்த அறிக்கை.

நான் பதினோரு வருடமாக நெட்வொர்க் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். 2017 மே மாதம் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவிய வாரம் நான் வேலை பார்த்த இடத்தில் பாதி மெஷின் போய்விட்டது. ஸ்டோர் ரூமில் எதிலும் இணைக்காமல் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது, அதில்தான் அந்த மாதச் சம்பளப் பட்டியல் போட்டார்கள். அதன் நெற்றியில் "அடாமா" என்று எழுதி ஒட்டினேன். யாருக்கும் புரியவில்லை.

அதனால் மொட்டைமாடி சொன்ன "பயந்தார்கள், பயப்படவில்லை" என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு பேருமே பயந்தார்கள், பயந்த பொருள்தான் வேறு.

மூலவர்பக்தன் | சனி காலை 6.55

இந்த மன்றத்தில் புதுசைத் தூக்கி வைத்து ஆடுவது வழக்கம்தான். நான் கேட்பது எளிய கேள்வி. ஊர் அதே ஊர், தல வரலாறு அதே தல வரலாறு, கர்ப்பக்கிரகத்தில் மட்டும் வேறு சாமி என்றால் அது அதே கோயிலா?

ஸ்டார்பக் என்ற போர் விமானி என்றால் டிர்க் பெனடிக்ட். சுருட்டு, சீட்டாட்டம், பெண்கள் பின்னால் அலைவது, அந்தச் சிரிப்பு. அவனைப் பெண்ணாக்கினார்கள். இன்னொரு விமானி பூமரையும் பெண்ணாக்கினார்கள். பெனடிக்டே 2004இல் கட்டுரை எழுதித் திட்டித் தீர்த்தார்.

அப்புறம் சைலான். பளபளவென்ற உலோக உடம்பு, இடமும் வலமும் ஓடும் ஒற்றைச் சிவப்புக் கண், அந்தக் கரகரத்த குரல். சின்ன வயதில் போர்வைக்குள் ஒளிய வைத்த குரல் அது. இப்போது சைலான் என்றால் சிவப்பு கவுன் போட்ட பெண். செலவு மிச்சம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. புதுக்கதை சொல்ல ஆசை என்றால் புதுப் பெயரில் எடுக்கலாமே?

நாஞ்சில்வெயில் | சனி காலை 8.20

பக்தன் அண்ணா, சுருட்டு அப்படியேதான் இருக்கிறது. சீட்டும் இருக்கிறது. புது ஸ்டார்பக்காக நடிக்கும் கேட்டி சாக்காஃப் வந்த கொஞ்ச நேரத்தில் சீட்டு மேஜையில் மேலதிகாரி கர்னல் டையின் முகத்தில் ஒரு குத்து விட்டுவிட்டுச் சிறைக்குப் போகிறார். ஸ்டார்பக் செய்கிற வேலைதானே இது?

வித்தியாசம் எங்கே என்றால், பழைய ஸ்டார்பக் குடித்தால் அது விளையாட்டு. காரா (புது ஸ்டார்பக்கின் பெயர்) குடித்தால் ஏன் குடிக்கிறாள் என்று கதை கேட்கிறது. அம்மா விரலை உடைத்து வளர்த்த பிள்ளை. காதலித்தவன் அடாமாவின் இளைய மகன். பைலட் பயிற்சியில் தேறாதவன். இவள்தான் பயிற்சியாளர். மனசு கேட்காமல் தேர்ச்சி போட்டுவிடுகிறாள். அவன் விமானத்தோடு செத்துப்போகிறான். இந்த உண்மையை அவள் அடாமாவிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியில் அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் கத்தவே மாட்டார். போய்விடு என்று மெதுவாகத்தான் சொல்வார். அந்த மெதுவில்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. இதெல்லாம் 1978 ஸ்டார்பக்கை வைத்து எழுதவே முடியாது. பெண் என்பதால் இல்லை, அவனுக்கு இந்த அளவுக்கு ஒரு முன்கதையைக் கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை என்பதால்.

நடித்தவர் சாட்சிதான் வேண்டும் என்றால் ரிச்சர்ட் ஹாட்ச் இல்லையா? பழசில் அடாமாவின் மகன் அப்போலோவாக நடித்தவர். மூலத்தை அப்படியே தொடர வேண்டும் என்று கைக்காசு போட்டு முன்னோட்டப் படமே எடுத்துக் காட்டியவர். புதுசை முதலில் எதிர்த்தவர். பிறகு டாம் சாரெக் என்ற வேஷத்தில் அவரே வந்து உட்கார்ந்தார். குண்டு வைத்தவனா, விடுதலை வீரனா, வெறும் பதவி ஆசைக்காரனா என்று பிடிகொடுக்காத ஆள். கைதிக் கப்பலில் பழைய அப்போலோவும் புது அப்போலோவும் எதிரெதிரே நின்று பேசும் காட்சி இருக்கிறது, ஒருதடவை பாருங்கள்.

மூலவர்பக்தன் | சனி காலை 8.31

ஹாட்ச் பெரிய மனசுக்காரர். நான் இல்லை.

ராத்திரிஷிஃப்ட் | சனி காலை 9.47

மருத்துவமனை வேலை முடித்து இப்போதுதான் வந்தேன். நான் நர்ஸ். தூங்குவதற்கு முன்னால் 33 பற்றி மட்டும்.

குறுந்தொடருக்கு அப்புறம் முதல் முழு அத்தியாயம் அது. சைலான்கள் சரியாக 33 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் மொத்தக் கூட்டமும் வேறு இடத்துக்குத் தாவ வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் யாரும் தூங்கவில்லை. இதை நான் முதலில் பார்த்தது தொடர்ந்து மூன்றாவது இரவு வேலை முடித்துவிட்டு வந்த காலையில். தூக்கம் இல்லாத ஆளை நடிப்பது என்றால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். நிஜத்தில் அது இல்லை. ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்து நடுவில் மறந்து நிற்போம். சம்பந்தமில்லாமல் சிரிப்பு வரும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதே எரிச்சலாக இருக்கும். அது அத்தனையும் அதில் இருந்தது.

பிறகு ஒரு பயணிகள் கப்பல் பின்தங்கிவிடுகிறது. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அது இல்லாதபோது சைலான்கள் வரவில்லை. அது திரும்பி வந்ததும் வருகிறார்கள். சுட்டு வீழ்த்தச் சொல்கிறார் ஜனாதிபதி ரோஸ்லின். இவர் யார்? முன்பு பள்ளி ஆசிரியை, பிறகு கல்வி அமைச்சர், பதவி வரிசையில் 43ஆவது ஆள். மேலே இருந்த 42 பேரும் போய்விட்டதால் ஜனாதிபதி. ஜன்னல்களில் யாராவது தெரிகிறார்களா என்று அடாமாவின் மகன் லீ (புது அப்போலோ) பார்க்கிறான். நமக்கும் சரியாகத் தெரிவதில்லை. சுடுகிறார்கள்.

ரோஸ்லினின் முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும், உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை. 50,298 என்று இருந்தது, குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் ஏதோ ஒரு கப்பலில் குழந்தை பிறந்த செய்தி வர, அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவார். எங்கள் வார்டிலும் கட்டில் கணக்கு எழுத ஒரு வெள்ளைப் பலகை உண்டு. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. 2005இல் இந்த அத்தியாயத்துக்கு அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள். தூங்கப் போகிறேன்.

சுருதிப்பெட்டி | சனி பகல் 12.15

தொடக்கப் பாட்டைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோமே! காயத்ரி மந்திரம் ஐயா, காயத்ரி மந்திரம். ரிக் வேதத்து மூன்றாம் மண்டலம். அதைப் பாடிக்கொண்டே பெயர் போட்டார்கள். குறுந்தொடருக்கு இசையமைத்த ரிச்சர்ட் கிப்ஸ் போட்டது. முதல் தடவை கேட்டபோது பக்கத்து வீட்டில் ஏதோ பூஜை என்று நினைத்து டிவி ஒலியைக் குறைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது டிவியிலிருந்துதான் வருகிறது என்று.

உச்சரிப்பு சுமார்தான். எங்கள் மாமா கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆனால் மந்திரம் முடிந்ததும் திடும்திடுமென்று முரசு, அந்த முரசோடு அன்றைய அத்தியாயத்தின் காட்சிகள் கண் சிமிட்டும் வேகத்தில் ஓடும். அதற்குப் பிறகு இசையமைப்பாளர் பேர் மெக்ரியரி பொறுப்பேற்று, ஊதுகொம்புகள் வைத்த வழக்கமான விண்வெளிப் பாணி இசையைத் தூக்கிப்போட்டுவிட்டு ஜப்பானியத் தைக்கோ முரசும் ஆர்மீனியாவின் துடுக் என்ற குழலும் கொண்டுவந்தார். பழசில் ஸ்டூ ஃபிலிப்ஸ் போட்ட மெட்டு நன்றாகத்தான் இருக்கும், ராணுவ அணிவகுப்பு மாதிரி. புதுசில் அதையே அந்தப் பன்னிரண்டு உலகங்களின் தேசிய கீதமாக ஓர் இடத்தில் வைத்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

இன்னொன்று. இதில் மனிதர்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், இயந்திரங்களுக்குத்தான் ஒரே கடவுள். அந்தக் கதைக்குச் சூரியனைப் பாடும் மந்திரம். தெரிந்து வைத்தார்களா, ஓசை பிடித்து வைத்தார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

வடலி | சனி மாலை 5.38

நான் இங்கே எழுதுவது குறைவு. நியூ கேப்ரிக்காவை ஒருவரும் தொடாதபடியால் எழுதுகிறேன்.

மூன்றாம் சீசன், 2006 ஒக்ரோபர். சனம் ஒரு கிரகத்தில் கூடாரம் போட்டு இருக்குது. சைலான்கள் வந்து ஆட்சி செய்கிறார்கள். அழிக்க வரவில்லையாம், சேர்ந்து வாழ வந்தவையாம். இரவில் வீடு புகுந்து பிடிக்கிறார்கள். மனிதர்களைக் கொண்டே ஒரு பொலிஸ் படை அமைத்து, முகமூடி போட்டுவிட்டு, சொந்தச் சனத்தையே பிடிக்க விடுகிறார்கள். கர்னல் டை ஒரு கண்ணை இழந்து வந்து, அந்தப் பொலிசின் பயிற்சி முடிப்பு விழாவுக்கு ஒரு பெடியனை உடம்பில் குண்டோடு அனுப்புகிறார். அந்தப் பெடியனை எங்களுக்குத் தெரியும், முந்தின அத்தியாயங்களில் விமானம் ஓட்டினவன். அமெரிக்கா ஈராக்கில் நின்ற காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது வந்தது. தாங்கள் யாருக்காக இதுவரை கைதட்டினார்களோ அந்த ஆட்களே குண்டைக் கட்டிக்கொண்டு போவதை அவர்கள் பார்க்க வேண்டி வந்தது. அதை எழுதினவர்களின் துணிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதை அவர்கள் உவமையாகத்தான் பார்த்திருப்பார்கள். நான் ரொறன்ரோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அம்மா குசினியில் இருந்து வந்தவ. ஆங்கிலம் தெரியாது. திரையில் முகமூடிக்காரன் ஆட்களை இனம் காட்டுகிற இடம். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "உது தலையாட்டியோ?" என்று கேட்டா. தெரியாத ஆட்களுக்கு: சுற்றிவளைப்பு நேரம் முகத்தைச் சாக்கால் மூடின ஒருவனைக் கொண்டுவந்து இருத்துவார்கள். சனம் வரிசையாகப் போகும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் திரும்பி வராது. அம்மாவுக்கு வேறு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

இன்னும் ஒன்று. 2009 மார்ச் 17ஆம் திகதி நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் இந்தத் தொடரைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். மூர், ஓல்மோஸ், ரோஸ்லினாக நடித்த மேரி மெக்டொனல் எல்லாரும் போனவை. மனித உரிமை, பயங்கரவாதம், போர்க்காலச் சிறுவர்கள் எல்லாம் கதைத்தார்கள். நல்ல விசயம்தான். அந்தக் கிழமை வன்னியில் என்ன நடந்தது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. நாங்கள் பதாகையோடு வீதியில் நின்றோம். மூன்று நாள் கழித்து, 20ஆம் திகதி, கடைசி அத்தியாயம் வந்தது. ஒவ்வொரு கிழமையும் தொடக்கத்தில் உயிரோடு இருக்கிற ஆட்களின் எண் திரையில் வரும் அல்லவா? அந்த எண்ணைப் பார்க்க என்னால் ஏலாமல் போய்விட்டது. 2012இல்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

மொட்டைமாடி | சனி இரவு 7.10

இதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை அண்ணா. இரண்டு தடவை படித்தேன்.

மூலவர்பக்தன் | சனி இரவு 7.44

வடலி, அந்த நாலு அத்தியாயத்தையும் பார்க்கிறேன். ஸ்டார்பக் விஷயத்தில் நான் மாறவில்லை.

மன்ற நிர்வாகி | சனி இரவு 9.00

இழை ஒழுங்காகப் போகிறது, சந்தோஷம். ஒரே ஒரு விதி. பழசின் தொடர்ச்சியாக வந்த கலாக்டிகா 1980 பற்றி யாரும் எழுதக் கூடாது. பறக்கும் மோட்டார் சைக்கிள் என்ற சொல் வந்தால் பதிவு நீக்கப்படும்.

பழையரேடியோ | சனி இரவு 9.06

பத்து அத்தியாயம்தான் வந்தது, அதுவும் நான் பார்த்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.

மொட்டைமாடி | ஞாயிறு காலை 10.30

சரி, என் வழக்கு. கடைசி அத்தியாயம்.

முதல் மூன்று சீசனின் தொடக்கத்தில் ஒரு வாசகம் வரும், சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று. நானும் நோட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டு பார்த்தேன். அப்படி ஒரு திட்டமே கிடையாது என்று பிற்பாடு மூரே ஒப்புக்கொண்டார். மனித உருவில் ஒளிந்திருந்த கடைசி ஐந்து சைலான்கள் யார் என்பதும் போகிற போக்கில் முடிவானதுதான். அது பெரிய குற்றமில்லை, தொடர் எழுதுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். என் சங்கடம் வேறு. விடை தெரியாத எல்லா முடிச்சுக்கும் கடைசியில் கடவுள் என்று எழுதிவிட்டார்கள். செத்துப்போன காரா எப்படித் திரும்பி வந்தாள்? கடவுள். பால்ட்டர் தலைக்குள் வந்து பேசியவள் யார்? தேவதை. காரா புல்வெளியில் லீயோடு பேசிக்கொண்டிருக்கிறாள், அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை. நாலு வருடம் கூடவே வந்த பாத்திரத்தை இப்படியா அனுப்புவது?

எனக்கு முடிவு 2008 ஜூனில் வந்ததுதான். ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தத்துக்குச் சற்று முன்னால் எடுத்த அத்தியாயம். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது பூமிக்கு வந்து இறங்குகிறார்கள். அடாமா குனிந்து ஒரு பிடி மண் எடுக்கிறார். கதிர்வீச்சு மானி கிடுகிடுவென்று அடிக்கிறது. கேமரா மெதுவாக நகர்ந்து ஒவ்வொரு முகமாகக் காட்டுகிறது. எங்கும் சாம்பல், இடிந்த பாலம். யாரும் பேசவில்லை. அங்கேயே விட்டிருக்கலாம்.

கணினிக்காரி | ஞாயிறு காலை 11.18

கடவுளை நான் மன்னித்துவிட்டேன், ரோஸ்லினின் தரிசனங்கள் முதல் சீசனிலிருந்தே இருக்கின்றன. கிளென் லார்சன் மார்மன் என்ற அமெரிக்க மதச் சபைக்காரர், பழசிலும் அந்த வாசனை அடிக்கும். கோபால் என்ற கிரகத்தின் பெயரே மார்மன் மறைநூல் ஒன்றில் வரும் கோலாபைத் திருப்பிப் போட்டதுதான். (நம் ஊர் கோபால் இல்லை.) மதம் வெளியிலிருந்து வந்து ஒட்டவில்லை.

நான் மன்னிக்காதது வேறு. ஒன்றரை லட்சம் வருடத்துக்கு முந்தின பூமிக்கு வருகிறார்கள். லீ சொல்கிறான், நம் நகரங்கள் வேண்டாம், கப்பல்கள் வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று. மொத்தக் கப்பல்களையும் சூரியனுக்குள் அனுப்பிவிடுகிறார்கள். ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை! ஒரே ஒருத்தர்கூட!

கொஞ்ச நாள் முன்னால் இதே கூட்டம் என்ன செய்தது? கப்பல்களில் சைலான் எஞ்சினைப் பொருத்துவோம் என்று சொன்னதற்கே கலகம் செய்தார்கள். கலாக்டிகாவின் அதிகாரி கேட்டாவும் சாரெக்கும் கப்பலைப் பிடித்தார்கள், அடாமாவைக் கொல்லப் பார்த்தார்கள், தோற்று, துப்பாக்கிகளின் முன்னால் நின்று செத்தார்கள். மொத்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு அத்தியாயம் அது. கேட்டா வில்லன் இல்லை, நாலு வருடம் வாய் திறக்காமல் வேலை பார்த்து, காலையும் இழந்து, கடைசியில் நம்பிக்கையையும் இழந்த ஆபீஸ்காரன். அவ்வளவு சண்டைக்கார ஜனம் ஆன்டிபயாட்டிக்கையும் மயக்க மருந்தையும் சூரியனில் போடச் சம்மதித்ததாம். பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் அந்த முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது ஆயிரம் பேரில் இல்லையா? அவர்களை யாராவது கேட்டார்களா? இந்த யோசனையைச் சொன்னது ஆண், தலையாட்டியதும் ஆண். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

ராத்திரிஷிஃப்ட் | ஞாயிறு பகல் 1.02

கணினிக்காரி அக்கா சொன்ன பிரசவ விஷயத்துக்கு நூறு லைக். அந்தக் காட்சியில் நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்தினேன்.

ஆனால் மொட்டைமாடி சொன்ன இடத்தில் முடித்திருந்தால் டுவாலா என்ற பெண் அதிகாரியின் காட்சியை இழந்திருப்போம். அந்தச் சாம்பல் பூமியைப் பார்த்துவிட்டு வந்தபின் ஒரு நல்ல மாலை. லீயோடு சிரிக்கிறாள், முகத்தில் ஒரு தெளிவு. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மோதிரத்தைக் கழற்றி வைக்கிறாள். அடுத்த விநாடி தன்னை முடித்துக்கொள்கிறாள். திடீரென்று வந்த அந்தத் தெளிவு எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குப் பயமான அடையாளம். வேறு எந்தத் தொடரிலும் இவ்வளவு சரியாக நான் பார்த்ததில்லை.

பழையரேடியோ | ஞாயிறு மாலை 4.40

எல்லோரும் முடிவைத் திட்டுகிறீர்கள். சரி, லாஜிக் இல்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே ஒரு காட்சிக்காக. ரோஸ்லினுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அடாமா அவரைச் சின்னக் கலத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கீழே மேயும் மிருகக் கூட்டங்களைக் காட்டுகிறார். கட்டப்போகும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார். திரும்பிப் பார்க்கும்போது அம்மாளின் கை சரிந்திருக்கிறது. தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார்.

என் வீட்டம்மாள் போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசி மாதங்களில் ஊரில் கட்டப்போகும் வீட்டைப் பற்றித்தான் நானும் பேசிக்கொண்டிருந்தேன். இதற்கு லாஜிக் எதற்கு தம்பி.

நாஞ்சில்வெயில் | ஞாயிறு இரவு 8.15

ரேடியோ சார்... 

(கொஞ்ச நேரம் கழித்து) பேச்சை மாற்றுகிறேன். மூன்றாவதாக ஒரு கலாக்டிகா வருவதாக 2019இல் அறிவித்தார்களே, பீகாக் ஓடிடி தளத்துக்காக, சாம் எஸ்மெய்ல் தயாரிப்பில். ஐந்து வருடம் இழுத்து 2024இல் கைவிட்டுவிட்டார்கள்.

மூலவர்பக்தன் | ஞாயிறு இரவு 8.19

முருகன் இருக்கிறான்.

மொட்டைமாடி | ஞாயிறு இரவு 8.40

எனக்கும் நிம்மதிதான், காரணம்தான் வேறு. 1978ஐத் திருத்த இடம் இருந்தது. நல்ல விதை, அரைகுறை விளைச்சல். நன்றாக வந்ததைத் திரும்ப எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்? திருத்துவதென்றால் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான் திருத்தலாம்.

மூலவர்பக்தன் | திங்கள் இரவு 11.52

நியூ கேப்ரிக்கா பார்த்தேன். கலாக்டிகா வளிமண்டலத்துக்குள் கல் மாதிரி விழுந்து, விமானங்களைக் கக்கிவிட்டு, தரையைத் தொடுவதற்குள் மறைகிறதே. அதை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். டை தன் மனைவிக்கு விஷம் கலந்து கொடுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். காட்டிக்கொடுத்தவள்தான், இவனைக் காப்பாற்றத்தான் காட்டிக்கொடுத்தாள். 1978இல் இது வந்திருந்தால் என் அப்பா டிவியை அணைத்திருப்பார்.

பெயர் விஷயத்தில் என் கருத்து அதேதான்.

புதுவரவு77 | செவ்வாய் இரவு 9.30

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பாய்லர் என்று போட்டிருந்தும் முழு இழையையும் படித்துத் தொலைத்துவிட்டேன். இன்னும் ஒரு அத்தியாயம்கூடப் பார்க்கவில்லை. எந்த வரிசையில் பார்ப்பது?

கணினிக்காரி | செவ்வாய் இரவு 9.48

முதலில் 2003 குறுந்தொடர், இரண்டு பகுதி. அதைத் தவறவிட்டு முதல் சீசனில் நேராகக் குதித்தால் ஒன்றும் புரியாது. அப்புறம் வரிசையாகப் போகலாம். இரண்டாம் சீசனில் கள்ளச்சந்தை பற்றி ஒரு அத்தியாயம் வரும், அதில் எழுந்து போய்த் தோசை சுட்டுக்கொண்டு வரலாம், மூருக்கே அது பிடிக்காது. ரேசர் என்ற தனிப்படம் மூன்றாம் சீசனுக்கு அப்புறம். தி பிளான் என்ற இன்னொரு படம் கடைசியில், நேரம் இருந்தால். கடைசி அத்தியாயம் பார்க்கும் அன்று இங்கே வந்துவிடுங்கள், சேர்ந்து திட்டலாம்.

பழையரேடியோ | செவ்வாய் இரவு 9.55

சேர்ந்து அழவும் செய்யலாம்.

புதுவரவு77 | புதன் இரவு 11.58

குறுந்தொடர் முடிந்தது. காலையில் ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ். இருந்தாலும் 33ஐ ஆரம்பிக்கிறேன்.

ராத்திரிஷிஃப்ட் | வியாழன் அதிகாலை 12.31

முழிச்சிருக்கீங்களா? 33 நிமிஷம் ஆச்சு.